பல்லவியோடு நிறுத்தாதீர்

கிறிஸ்தவ சங்கீதம் என்றதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையையும் கிறிஸ்துமஸ் பஜனையையும் மாத்திரம் நினைத்துக்கொள்ளுகிறவர்கள் நம்மில் அநேகர். ஆனால், தலை நரைக்குமளவும் சர்க்கார் கணக்குகளோடு மல்லாடிய எனக்கு, அச்சங்கீதத்தின் பிரயோஜனம் வாரத்தின் மற்ற ஆறு நாட்களிலேதான் நன்கு புலப்பட்டது.

திருநெல்வேலிச் சீமையின் சபையார் வீடுகளில் பாட்டு இருவகை. ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகள் ஒரு வகை. ராகமும் தாளமும் தலைப்பிலே குறிக்கப்பெற்று, பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்று நம் சம்பிரதாயப்படியே நடக்கும் கீர்த்தனைகள் மற்றொரு வகை. ஆலயத்தில் பலர் கூடி ஆர்கனோடு பாடுகையில் முன்னதற்குள்ள கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், விடியற்காலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஒருவன் தனக்குத் தானே பாடிக்கொள்ளுவதற்கு, 1774-இல் பிறந்து, மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சரபோஜி மன்னரோடு இளமையிற் பயின்ற வேதநாயக சாஸ்திரியாரைப் போன்றவர்கள் இயற்றிய கீர்த்தனைகளே தக்கவை என்பது என் அபிப்பிராயம்.

பாடுவோர் வாரம் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, அதன் சரணங்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வது நலம். பல்லவி சந்தோஷத்தை அறிவிக்கிறது. அந்தச் சந்தோஷம் எவ்வளவு துக்கத்தைக் கடந்து வந்தது என்பதைச் சரணங்களே சொல்லுகின்றன. சுருதியைத் தணிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆண் குரலுக்கு ஒரு கட்டை தாராளம். காலையில் அதுவும் எட்டவில்லையென்றால் இன்னும் இறக்கிக்கொள்ளுவதில் அவமானம் ஒன்றுமில்லை. சாரீரம் நன்றாயில்லை என்ற சாக்கு வீட்டுக்குள் செல்லாது.

தாளத்தை மட்டும் விட்டுவிடலாகாது. மார்ச்சு மாதக் கணக்கு முடிப்பில் மேலதிகாரியின் சுடுசொல் காதில் விழும்போதெல்லாம், மேஜைக்கடியில் என் வலக்கை தொடையின்மேல் ஆதி தாளம் போடத் தொடங்கிவிடும்: ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அதன்பின் தட்டும் வீச்சும் இருமுறை. வாய் திறவாமல் காலையிற் பாடிய சரணத்தை மனத்துக்குள் இப்படி ஓட்டி முடிப்பதற்குள் மூச்சு நிதானப்பட்டுவிடும். சொல்ல நினைத்த மறுமொழியும் பெரும்பாலும் அவசியமற்றதாகிவிடும்.

உற்சாகப் பாட்டுகளையே பாடினால்தான் உற்சாகம் பிறக்கும் என்று எண்ணுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேதபுஸ்தகத்தின் 150 சங்கீதங்களில் புலம்பல்கள் கொஞ்சமல்ல. 88-ஆம் சங்கீதமோ ஆறுதலான முடிவுரை ஒன்றுமின்றி இருளிலேயே முடிகிறது. துயரப்படுகிறவனை வலிந்து சிரிக்கச் சொல்லாத அந்தப் பெருந்தன்மையினால்தான், வீட்டில் நோயும் கடனும் புகுந்திருந்த காலத்தில், லெந்து நாட்களுக்குரிய, கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய கீர்த்தனைகள் எங்களுக்கு மற்றெல்லாவற்றையும்விட ஆதரவாயிருந்தன.

பாடுவதற்கு அவகாசமில்லை என்பவர்கள் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் சரித்திரத்தைப் படிக்கலாம். வைத்தியத்தையும் விவசாயத்தையும் நடத்திக்கொண்டே அவர் 1912 முதல் தம் சொந்தப் பொருளில் சங்கீத மகாநாடுகளைக் கூட்டி, 1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசை நூலை வெளியிட்டார், கீர்த்தனைகளும் இயற்றினார். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு பாட்டுக்குரிய நேரந்தான்.

மாலைக் குடும்ப ஜெபத்தில் பாட்டைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது உத்தமம். பெரியவர்கள் தெரிந்தெடுத்தால் பிள்ளைகள் உதட்டை மாத்திரம் அசைப்பார்கள். அவர்களே தெரிந்தெடுத்தாலோ தொண்டை கிழியப் பாடுவார்கள். வாரமெல்லாம் ஒரே பாட்டைக் கேட்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் இளைய மகள் கத்திரி வெயிலில் கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்பாள். விசிறியும் கையுமாக நாங்கள் எல்லாச் சரணங்களையும் பாடுவோம்.