கொல்லை மாமரமும் ஒரு வருடக் கணக்கும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், விடிவதற்குள் எங்கள் கீரமங்கலம் வட்டாரத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. தென்னை போனது, பலா போனது. எங்கள் கொல்லையில் அப்பாயி கையால் வைத்த மாமரம் வேரோடு கிணற்றுமேட்டில் கிடந்தது. விறகுக்குக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. ஒன்றரை அடி நீளத்தில் பதினான்கு துண்டாக அறுத்து அங்கேயே கிடத்தினேன். இன்றுவரை வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள், அன்றைக்கே விற்றிருந்தால் எட்டாயிரம் வந்திருக்கும் என்று. நான் செய்தது சரி. தவறு நடந்தது அதற்குப் பிறகு.

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். இருபத்திரண்டு வருடம் இரும்பு கடைந்துவிட்டு மரக் கடைசலுக்கு வந்தேன். சிமிழ், சொப்பு, கும்பா, சின்ன ஜாடி என்று அலமாரியில் வைக்கிற பொருள்கள்தான் என் வேலை. அதற்குப் பூஞ்சை வரி ஓடிய மரத்தை மிஞ்சி எதுவும் இல்லை. கடைசல்காரர்கள் ஸ்பால்டட் மரம் என்பார்கள். விழுந்த மரத்தில் ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் சேர்ந்திருந்தால் பூஞ்சை ஏறும். குளத்தில் மூழ்கிய கட்டையில் ஏறாது, காற்று கிடையாது. இரண்டு பூஞ்சைகள் ஒரே கட்டையில் முட்டிக்கொண்டால், இது என் இடம் என்று ஒவ்வொன்றும் கறுப்பாக ஒரு மதில் எழுப்பும். அறுத்த முகத்தில் அந்த மதில்தான் பேனாவால் இழுத்த கோடாகத் தெரிகிறது. அமெரிக்காவில் மெல்வின் லிண்ட்குவிஸ்ட், மார்க் லிண்ட்குவிஸ்ட் என்ற அப்பாவும் மகனும் 1970களிலேயே இந்த மரத்துக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆசாரிகள் இன்னும் அழுகல் கட்டை என்றுதான் சொல்கிறார்கள்.

2019 மார்ச்சில் ஒரு துண்டை அறுத்துப் பார்த்தேன். வெளிமரம் முழுக்க வெளிர்மஞ்சள். அதற்குள் மயிரிழை கனத்தில் கறுப்புக் கோடுகள், மலைமேலிருந்து பார்த்தால் வயல் வரப்பு தெரியுமே, அப்படி வளைந்து வளைந்து ஒன்றையொன்று மூடிக்கொண்டு ஓடின. கோட்டுக்கு உள்பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் வேறு நிறம். கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. பதினான்கு துண்டையும் அன்று சாயங்காலமே கொட்டகைக்குள் ஏற்றியிருக்க வேண்டும். மூன்றை மட்டும் எடுத்தேன்.

ஏன் என்றால், அதற்கு முந்தைய வருடம் ஆறாயிரம் ரூபாய் கட்டி ஒருவரிடம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். “ஒரு வருஷம் ஆகாம கைவைக்காதீங்க சார், மொதல்ல வர்றது வெறும் கோடு, அப்புறம் வர்றதுதான் ஓவியம்” என்பது அவர் பாடம். மார்ச்சில் கோட்டைப் பார்த்ததும் அவருக்கே போன் போட்டுச் சொன்னேன். எந்த ஊர், என்ன மரம், எங்கே கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே ஒரு வருடத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த ஒரு வருடம் பனி பெய்கிற நாட்டுக் கணக்கு. அங்கே மேப்பிளும் பீச்சும் குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும், பூஞ்சையும் தூங்கும். புதுக்கோட்டைச் சீமையில் பூஞ்சை தூங்குவதற்கு ஒரு மாதம்கூடக் கிடையாது. அங்கே ஒரு வருடத்தில் ஆவது இங்கே மூன்று நான்கு மாதத்தில் ஆகிவிடுகிறது. வரி போட்ட பூஞ்சை அதோடு நிற்காது. மரத்தைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும் லிக்னினைத் தின்றுகொண்டே போகும். புத்தகத்துக் கணக்கை ஒப்பித்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மீதி பதினொரு துண்டும் தார்ப்பாய்க்கு அடியில், மண்ணைத் தொட்டபடி, அந்த வருட ஐப்பசி கார்த்திகை மழையையும் குடித்தன. 2020 தை பிறந்ததும் தார்ப்பாயை விலக்கினேன். பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாக விசிறிக் காளான். தட்டினால் கணீர் என்ற சத்தமே இல்லை, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி இருந்தது. நகம் சதைவரைக்கும் உள்ளே போனது. எட்டுத் துண்டு, டீயில் நனைத்த பொறை மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. அப்பாயி தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். இனி எந்தப் பட்டறையிலும் அது கிடைக்காது.

மூன்று துண்டு அரைகுறையாக நின்றது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு கும்பா செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் அதில் ஒன்றை லேத்தில் ஏற்றினேன். ஏழு அங்குல விட்டம். ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெத்து, அதனால் மெஷினே குதித்தது. உள்பக்கம் குடையும்போது உளியின் சத்தம் மாறியது. சீவல் சுருளாக வருவது நின்று பொடியாக வந்தது. அந்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும். இரும்பு கடைந்த பழக்கத்தில் நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். கும்பா இரண்டாகப் பிளந்து ஒரு பாதி இடது புருவத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடி நொறுங்கியது, நான்கு தையல். “ஏங்க, ஒரு கட்டைக்காகக் கண்ணையா குடுக்கப் பாத்தீங்க?” என்று ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே காலண்டரைப் பார்க்காதீர்கள். கொல்லைக்கு எப்படியும் தினம் போவீர்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை கட்டையின் ஓரத்தில் இரண்டு விரல்கடை அறுத்துவிட்டுப் புது முகத்தில் நகத்தை வைத்து அழுத்துங்கள். கோடு வந்து, நகம் இறங்காமல் இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று ஆசைப்பட வேண்டாம்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலைதான். ஆறு அங்குலப் பாத்திரமென்றால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் கனம் விட்டு ஈரத்திலேயே ஒரு கடைசல் கடைந்து, அதன் சீவலுக்குள்ளேயே புதைத்து, சமையல் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சை வளராது. மாமரத்தில் உளு விழும், வெங்காரக் கரைசல் பூசினால் தப்பிக்கும். மெத்தென்ற இடத்தில் ஃபெவிக்விக் மாதிரி நீர்த்த பசையை ஊறவிட்டு, காய்ந்த பிறகு கடையுங்கள். ஐந்நூறு சுற்றில் தொடங்குங்கள், உளியை அடிக்கடி தீட்டுங்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். கடைசி உப்புத்தாளை மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் போடுங்கள். சுற்றவிட்டுப் போட்டால் மெத்து மட்டும் தேய்ந்து பள்ளமாகும். எண்ணெயை நேராகப் பூசினால் மெத்தான இடம் குடித்துக் கறுத்துப்போகும். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து முதல் பூச்சு கொடுங்கள்.

மாஸ்க் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. இந்த மரத்தில் தூளோடு பூஞ்சை வித்தும் பறக்கும். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு கடைந்து மூன்று வாரம் இருமியவன் சொல்கிறேன். என்95 மாஸ்க், அதற்கு மேல் முழு முகத்தையும் மறைக்கிற ஷீல்டு, இரண்டும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

மார்ச்சிலேயே எடுத்த அந்த மூன்று துண்டில் வந்தது பதினொரு பாத்திரம். ஏழு விற்றது, நான்கு என் அலமாரியில் இருக்கிறது. போன வருடம் மேலவீட்டு மாங்கிளை ஒன்று காற்றில் முறிந்தது. கேட்டு வாங்கிப் போட்டு, பத்தாவது வாரம் நகம் இறங்காத பதத்தில் எடுத்தேன். ஆறு குங்குமச் சிமிழ், ஒன்றுகூட வீணாகவில்லை. உங்கள் கொல்லையில் மரம் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தால், இதைப் படித்து முடித்ததும் வாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு துண்டு அறுத்துப் பாருங்கள்.