அறைக்கு அந்தப் பக்கம் பிரின்டரா?

சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. ஓடும் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று அந்தமான் தீவுகளை இணைத்தது. போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) நெட் வேகம் கூடியது. ஆனால் லேப்டாப்பையும் பிரின்டரையும் இணைக்க அந்த நெட்டே தேவையில்லை!

வைஃபை பிரின்டர் என்றால் இரண்டையும் ஒரே ரௌட்டரில் சேர்த்தால் போதும். லைன் அறுந்து கிடந்தாலும், ரௌட்டருக்குக் கரண்ட் இருந்தால் பிரின்ட் வரும். ரௌட்டரே இல்லையா? பிரின்டரில் 'வைஃபை டைரக்ட்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஆன் செய்ததும் லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் பிரின்டரின் பெயரே தெரியும். பாஸ்வேர்டு கொடுத்தால் வேலை முடிந்தது.

வைஃபை இல்லாத பழைய பிரின்டரைத் தூக்கிப்போட வேண்டாம். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை நம்பகமாக வேலை செய்யும். சாதாரண அறைக்கு அதுவே தாராளம். வாங்கும் முன் ஒரு நூலைச் சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி ஓட்டி அளந்துகொள்ளுங்கள். நேர்க்கோட்டில் 3 மீட்டர் என்பது சுற்றிவரும்போது 5-ஐத் தாண்டிவிடலாம். அதற்கும் மேல் போனால், சிக்னலைப் பெருக்கும் ரிப்பீட்டர் கேபிள் வேண்டும்.

பிரின்டரில் லான் போர்ட் இருந்தால் கவலையே இல்லை: ரௌட்டரிலிருந்து 100 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம். எனவே கடைக்குக் கிளம்பும் முன், பிரின்டரின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.