முகத்தை மாற்றுமுன் மூன்று கேள்விகள்



இன்று அக்கரப்பத்தனையின் லயங்களிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. மூக்கைக் கூராக்கவும், கொழுப்பை உறிஞ்சி எடுக்கவும், கறுத்த மேனியை வெளுக்கவும் அழைக்கும் விளம்பரங்கள் அதில் ஓயாமல் வருகின்றன. கொழும்பில் வேலை செய்து விடுமுறைக்கு வந்த மகள், "அம்மா, நானும் செய்துகொள்ளட்டுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "அது பாவம்" என்று வாயை அடைப்பதும் முறையல்ல. "உன் காசு, உன் விருப்பம்" என்று விட்டுவிடுவதும் முறையல்ல. சற்று ஆராய்வோம்.

1. சீர்ப்படுத்துவது வேறு, மெருகூட்டுவது வேறு

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றதும் உடலுக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைப்பது என்று எண்ணுவோர் உண்டு. உருவமைத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த போர்வீரர்களுக்கு முகத்தைத் திருத்திக் கொடுத்தே இக்கலை இங்கிலாந்தில் பெரிதும் வளர்ந்தது. தீக்காயத்தால் ஒட்டிப்போன விரல்களைப் பிரிப்பதும், பிறவியிலேயே பிளந்த உதட்டைச் சேர்ப்பதும் இக்கலையே.

இன்றோ அழகுக்காகச் செய்வது உலகெங்கும் பெருகிவிட்டது. 2023ஆம் ஆண்டில் மட்டும் சத்திரசிகிச்சையும் சத்திரசிகிச்சை அல்லாதவையும் சேர்த்து ஏறத்தாழ 3 கோடி 49 இலட்சம் அழகுச் சிகிச்சைகள் நடந்தன என்று அத்துறையின் சர்வதேசச் சங்கம் கணக்கிட்டது.

2. திருச்சபை காட்டும் வழி

1958 ஒக்டோபர் 4ஆம் திகதி, தாம் மரிப்பதற்கு ஐந்து நாட்களுக்கு முன், பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இத்தாலிய பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்கு உரை நிகழ்த்தினார். உடலழகும் ஒரு நன்மையே. ஆனால் அதைவிட மேலான நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது என்பது அவரது போதனை. நோக்கம் நேர்மையாய் இருந்து, ஆபத்துக்குத் தக்க காப்பும், செய்வதற்குத் தகுந்த காரணமும் இருந்தால் இச்சிகிச்சை குற்றமல்ல. வெறும் வீண்பெருமைக்காகவோ நாகரிக மோகத்துக்காகவோ, உறுப்பின் செயலைக் கெடுத்தோ செய்வது தவறாகும்.

நம் ஆண்டவரும் சூம்பிய கையுடைய மனிதனை ஜெபக்கூடத்தின் நடுவில் நிற்கச் சொல்லிக் குணமாக்கினார். அந்தக் கையை அவர் மறைக்கச் சொல்லவில்லை, நீட்டச் சொன்னார்.

3. ஆபத்தும் செலவும்

2016 மே மாதம் சென்னையில், முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனார். 2022 மே மாதம் பெங்களூரில், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குச் சென்ற 21 வயதுச் சின்னத்திரை நடிகை ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்! மயக்க மருந்து ஒவ்வாமை, இரத்தப்போக்கு, கிருமித் தொற்று ஆகியவை எந்தச் சத்திரசிகிச்சையிலும் நேரலாம்.

கத்தி படாத வெளுப்புக் கிறீமும் தீங்கற்றதல்ல. பாதரசம் கலந்த கிறீம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் பாதிக்கும். முகவரியும் சேர்மானமும் அச்சிடாத டப்பாவை வாங்காதீர்கள்.

செலவையும் எண்ணுங்கள். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் 3 இலட்சம் ரூபா சேர்க்க, ஒரு சதமும் செலவழிக்காமல் 223 நாட்கள் கொழுந்து பறிக்க வேண்டும். வட்டிக்கு வாங்கினால் இன்னும் கூடும். மகளின் மூக்குக்காகத் தாயின் முதுகில் கூடை இன்னும் எத்தனை காலம் கனக்கும்?

4. மறைக்கப்படும் குழந்தைகள்

இதைவிட வேதனையான மறுபக்கம் ஒன்றுண்டு. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கிறது. கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்த குற்றம் என்று அவளைப் பழித்து, பிள்ளையைக் காம்பராவுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் உண்டு. இது குற்றமுமல்ல, சாபமுமல்ல. உதட்டை 3 முதல் 6 மாத வயதிலும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் சீர்ப்படுத்துவது வழக்கம். தாமதித்தால் பேச்சுத் தெளியாது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. தோட்ட வைத்தியசாலையிலோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். கண்டிக்கு அனுப்ப வழி சொல்வார்கள்.

கறுப்பைக் கண்டு வெட்கப்படும் மகளும், பிளந்த உதட்டைக் கண்டு வெட்கப்படும் தாயும் ஊரார் பேச்சுக்கே அஞ்சுகிறார்கள். முன்னவளுக்குத் தேவை கத்தியல்ல, நம் அன்பான சொல். பின்னவளுக்குத் தேவை வைத்தியரிடம் கூட்டிச்செல்லும் ஒரு துணை. பெண் பார்க்கப் போகுமிடத்தில் "பிள்ளை கறுப்பு" என்று சொல்லும் நாவை நாம் அடக்கினாலே பாதி நோய் தீரும். மனிதன் முகத்தைப் பார்க்கிறான், ஆண்டவரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேல் அறிந்துகொண்டது நமக்காகவும் எழுதப்பட்டிருக்கிறது.

குடும்பமாகச் சிந்திக்க:

அ. இது குறையைச் சீர்ப்படுத்தவா, பிறர் பேச்சுக்கு அஞ்சியா?

ஆ. செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற, இத்துறையில் பயின்ற வைத்தியரா? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? ஆபத்து நேர்ந்தால் காப்பாற்ற வசதியுண்டா?

இ. இந்தப் பணத்தால் வீட்டில் யாருடைய படிப்போ மருந்தோ தடைப்படும்?

மூன்றுக்கும் மனச்சாட்சி அறிய விடை கண்டபின் முடிவு செய்யுங்கள்.