பிள்ளையின் முழங்காலும் ஃபுட்டியும்: ஓர் இளம் பின்வரிசை வீரரின் கதை சொல்லும் பாடம்

குளிர்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீடுகளில் சனி, ஞாயிறு காலைகள் மைதானத்தில்தான் விடிகின்றன. ஒரு பிள்ளைக்கு ஃபுட்டி, மற்றப் பிள்ளைக்கு நெட்போல், பின்னேரம் நடன வகுப்பு. நாங்கள் ஊரில் பார்த்து வளராத இந்த முட்டை வடிவப் பந்து விளையாட்டை இன்று எங்கள் பிள்ளைகள் உயிராக நேசிக்கிறார்கள். நல்ல விடயம். ஓடி விளையாடும் பிள்ளைக்கு உடலும் மனமும் உறுதியாகும்.

ஆனால் இந்த விளையாட்டோடு கூடவே வரும் ஒரு காயத்தைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அதுதான் முழங்காலின் உள்ளே இருக்கும் ஏ.சி.எல் என்னும் நார் அறுந்துபோதல். அதை விளங்கிக்கொள்ள உண்மையாக நடந்த ஒரு கதையிலிருந்து தொடங்குவோம்.

அலெக்ஸ் ஜோன்சன்

1992இல் பிறந்த அலெக்ஸ் ஜோன்சன் மெல்பேணின் ஓக்லி சார்ஜர்ஸ் இளையோர் அணியில் விளையாடியவர். 2010இல் நடந்த ஏ.எஃப்.எல் வீரர் தெரிவில் 57ஆவது ஆளாக சிட்னி சுவான்ஸ் கழகம் அவரை எடுத்தது. இவ்வளவு பின்னால் தெரிவாகும் பையன்களில் பலர் இரண்டு மூன்று வருடங்களில் காணாமல் போய்விடுவார்கள். ஆனால் இவர் 2011இலேயே முதல் அணியின் பின்வரிசையில் இடம் பிடித்தார். 2012 செப்டம்பரில் மெல்பேண் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் சிட்னி, ஹோத்தோர்ன் அணியை 10 புள்ளிகளால் வென்றது. வென்ற அணியில் ஜோன்சனும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 20.

அடுத்த ஆண்டு, 2013இல், பருவம் தொடங்குமுன் நடந்த ஒரு போட்டியில் அவருடைய முழங்கால் நார் அறுந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. பல மாதப் பயிற்சி. மீண்டும் அறுந்தது. மீண்டும் சத்திரசிகிச்சை. இப்படி ஒரே முழங்காலில் ஐந்து முறை நார் சீரமைப்புச் செய்யவேண்டி வந்தது. கூட விளையாடிய நண்பர்கள் நூறு ஆட்டம், நூற்றைம்பது ஆட்டம் என்று போய்க்கொண்டிருக்க, இவர் மறுபடி நடக்கவும் ஓடவும் பழகிக்கொண்டிருந்தார். கழகமும் அவரைக் கைவிடவில்லை.

2018இல் முதலில் இரண்டாம் தர அணியில் விளையாடித் தன்னை நிரூபித்தார். அந்த ஆண்டு ஓகஸ்டில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் கொலிங்வூட் அணிக்கு எதிராக மீண்டும் முதல் அணியில் இறங்கினார். இறுதியாட்டத்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் இடையில் ஐந்து ஆண்டு பத்து மாதங்கள் கடந்திருந்தன. அடுத்த வாரமே மெல்பேண் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய மற்ற முழங்காலின் நார் அறுந்தது. அதன்பின் அவர் ஏ.எஃப்.எல் ஆட்டம் எதிலும் விளையாடவில்லை.

சிறந்த வைத்தியர்களும் பயிற்சியாளர்களும் பக்கத்தில் இருந்த ஒருவருக்கே இப்படி என்றால், வார இறுதியில் விளையாடும் எங்கள் பிள்ளைகள் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்! இனி விடயத்துக்கு வருவோம்.

ஏ.சி.எல் என்றால் என்ன?

எங்கள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் முழங்காலுக்குள் இணைத்துப் பிடிக்கும் இரண்டு நார்கள், சிலுவைபோல ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. அவற்றில் முன்னால் உள்ளதைத்தான் ஏ.சி.எல் என்கிறார்கள். சின்ன விரலின் பருமன்கூட இல்லாத இந்த நாருக்கு இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமல் பிடிப்பது. மற்றது, நாம் திடீரெனத் திரும்பும்போது முழங்கால் முறுகாமல் காப்பது. நேராக நடப்பதற்கு இது இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். ஓடிவந்து சடுதியாகத் திரும்புவதற்கு இது மிகவும் தேவை.

யாரும் இடிக்காமலே எப்படி அறுகிறது?

யாராவது காலில் மோதினால்தான் அறுமென்று பலர் நினைக்கிறோம். ஏ.எஃப்.எல் ஆட்டங்களின் வீடியோக்களை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. பாதிக்கு மேற்பட்ட காயங்கள் முழங்காலில் எவரும் மோதாமலே நேர்கின்றன. ஓடிவந்து திசை மாறும்போது, வேகத்தைத் திடீரெனக் குறைக்கும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதுதான் நார் அறுகிறது. பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, உடல் ஒரு பக்கம் திரும்ப, முழங்கால் உட்புறமாக மடிந்துபோகும். அந்த ஒரு கணம் போதும்.

பின்வரிசை வீரரின் வேலையை நினைத்துப் பாருங்கள். எதிரணி முன்வரிசைக்காரருக்குத் தான் எங்கே ஓடப்போகிறேன் என்று தெரியும். பின்வரிசைக்காரருக்குத் தெரியாது. அவர் எதிராளியைப் பார்த்து, யோசிக்க நேரமில்லாமல் திரும்பவேண்டும். பந்தைத் தட்டிவிட உயரக் குதித்து, ஆட்கள் நடுவே சமநிலை இல்லாமல் இறங்கவேண்டும். நெட்போலிலும் இதே கதைதான். நடனத்தில் குதித்துத் திரும்பும் அடவுகளிலும் முழங்காலுக்கு இந்தச் சோதனை உண்டு.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். ஒரே வகை விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் ஏற்படுகிறது. 2017இல் தொடங்கிய பெண்களுக்கான ஏ.எஃப்.எல் போட்டிகளிலும் இது தெளிவாகத் தெரிந்தது. அதற்காகப் பெண் பிள்ளைகளை மறிக்க வேண்டியதில்லை. சரியான பயிற்சி கொடுக்கவேண்டும்.

உலகிலேயே இந்தச் சத்திரசிகிச்சை மிக அதிகமாக நடக்கும் நாடுகளில் அவுஸ்திரேலியாவும் ஒன்று. 2000 முதல் 2015 வரை இங்கே 197,000க்கு மேற்பட்ட ஏ.சி.எல் சீரமைப்புகள் நடந்தன. அந்தக் காலத்தில் 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் இதன் வீதம் 74 சதவீதம் கூடியது.

அறிகுறிகள்

காயம்பட்ட பிள்ளை சொல்வது பெரும்பாலும் இதுதான்: "உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு கால் நிற்கவில்லை." சில மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கிவிடும். உள்ளே இரத்தம் கசிவதால்தான் இவ்வளவு விரைவாக வீங்குகிறது. ஒரு விடயத்தில் ஏமாறக்கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி, பிள்ளை நன்றாக நடக்கும். "சும்மா சுளுக்குத்தான், சுகமாகிவிட்டது" என்று மறுபடி விளையாட விடுவோம். திரும்பும்போது முழங்கால் விட்டுக்கொடுக்கும். அப்போது உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்து, காயம் இரட்டிப்பாகும்.

முதல் மூன்று நாட்கள்: எண்ணெய்ப் போத்தலைத் தொடாதீர்கள்

வீங்கிய காலைக் கண்டால் எங்கள் அம்மம்மாமார் முதலில் தேடுவது நல்லெண்ணெயும் தைலமும். அன்பால் செய்வதுதான். ஆனால் புதிய காயத்தைச் சூடாக்கித் தேய்த்தால் உள்ளே இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். முதல் 48 முதல் 72 மணி நேரம் வரை செய்யவேண்டியவை:

* விளையாட்டை உடனே நிறுத்துங்கள். "கொஞ்சம் ஓடிப் பார்" என்று சொல்லாதீர்கள்.
* துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம்.
* இறுக்கமில்லாமல் பண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள்.
* சுடு ஒத்தடம், எண்ணெய் தேய்த்தல், மதுபானம், ஓட்டம் நான்கும் வேண்டாம்.
* கால் கோணலாகத் தெரிந்தால், பாதம் குளிர்ந்தோ விறைத்தோ போனால், ஓரடிகூட ஊன்ற முடியாவிட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அதன்பின் குடும்ப வைத்தியரையோ விளையாட்டுக் காய வைத்தியரையோ பாருங்கள். அவர் கையால் முழங்காலை அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிப்பார். எம்.ஆர்.ஐ ஸ்கான் அதை உறுதிசெய்யும். எக்ஸ்றே எலும்பைத்தான் காட்டும். எக்ஸ்றே நன்றாக இருக்கிறது என்றால் நாரும் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. ஸ்கானுக்கு மெடிகெயார் சலுகை கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

சத்திரசிகிச்சை கட்டாயமா?

"நார் அறுந்தால் வெட்டித்தான் ஆகவேண்டும்" என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோருக்கும் அப்படியல்ல. சுவீடனில் 121 இளம் வயதினரை இரண்டு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஆரம்பத்திலேயே சத்திரசிகிச்சை. மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு சத்திரசிகிச்சை. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரின் நிலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாவது பிரிவில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படவே இல்லை. ஆனால் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

சிட்னியில் சில வைத்தியர்கள் இன்னொரு முறையையும் முயன்றிருக்கிறார்கள். முழங்காலை 90 பாகை மடித்த நிலையில் நான்கு வாரம் பட்டையால் பிடித்து வைத்து, பிறகு படிப்படியாக நீட்டவிடுவது. 2023இல் வெளியான அறிக்கையில் 80 பேரில் 90 சதவீதத்தினருக்கு நார் ஒட்டத் தொடங்கியது ஸ்கானில் தெரிந்தது. இது புதிய முறை. எல்லோருக்கும் பொருந்தாது. காயம்பட்ட சில நாட்களுக்குள் தொடங்கவேண்டும் என்பதால் வைத்தியரிடம் தாமதியாமல் கேட்பது நல்லது.

மீண்டும் ஃபுட்டியோ நெட்போலோ ஆட விரும்பும் இளையோருக்குச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, அறுந்த நாரின் இடத்தில் பொருத்துவார்கள். சில்லின் கீழிருந்து எடுத்தால் முழந்தாளிடும்போது சிலருக்கு நோகும். கோயிலில் வணங்குபவர்களும் நடனம் ஆடுபவர்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் பகுதி பாதிக்கப்படாமல் செய்யவேண்டும் என்பதால், பிள்ளைகளுக்குச் செய்து பழகிய சத்திரசிகிச்சை நிபுணரைத் தேடுங்கள்.

சத்திரசிகிச்சையின் பின் கெண்டைக்காலில் வீக்கமும் நோவும், காய்ச்சல், காயத்தில் சீழ் ஏதாவது கண்டால் அன்றே வைத்தியரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் 000வை அழையுங்கள்.

ஒன்பது மாதம் என்ற கணக்கு

பிள்ளைகள் எங்களிடம் அதிகம் வாதாடும் இடம் இதுதான். ஐந்தாம் ஆறாம் மாதத்தில் நோ இராது, ஓடலாம். அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம் வேறு. "அப்பா, எனக்கு ஒன்றுமில்லை" என்பான். ஆனால் பொருத்திய நாண் உள்ளே உண்மையான நாராக மாறி உரம்பெற அதைவிட நீண்ட காலம் எடுக்கும். நோ இல்லை என்பது நார் பலமாகிவிட்டது என்பதற்குச் சாட்சி அல்ல.

நோர்வே நாட்டு ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும், மறுகாயம் ஏற்படும் வீதத்தை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்தது. ஒன்பது மாதம் என்பதும் குறைந்தபட்சம்தான். பலருக்குப் பன்னிரண்டு மாதம் தேவைப்படும். நாட்காட்டியை மட்டும் பார்க்காமல் இயன்மருத்துவரின் சோதனைகளிலும் தேறவேண்டும். காயம்பட்ட காலின் தொடைத் தசை மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்கவேண்டும். ஒற்றைக் காலில் பாயும் தூரமும் அப்படியே.

இன்னொன்றும் உண்டு. 25 வயதுக்குக் குறைந்த, மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பிய இளையோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இரண்டாவது முறையும் நார் அறுகிறது. அது அதே காலாகவும் இருக்கலாம், மற்றக் காலாகவும் இருக்கலாம். ஜோன்சனுக்கு 2018இல் நடந்ததும் மற்றக் காலில்தான். ஆகவே பயிற்சி இரண்டு கால்களுக்கும் வேண்டும்.

வருமுன் காப்போம்

மகிழ்ச்சியான செய்தி, இந்தக் காயங்களில் ஏறக்குறைய அரைவாசியைத் தடுக்கலாம் என்பதுதான். விசேட கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் 15 முதல் 20 நிமிடம், வாரத்தில் இரண்டு தடவை, பருவம் முழுவதும் செய்யவேண்டும்:

1. குதித்து, இரு முழங்காலும் மடிய, சத்தமில்லாமல் இறங்கப் பழகுதல். முழங்கால் உட்புறம் சாயாமல் பாதத்துக்கு நேராக நிற்கவேண்டும்.
2. ஒற்றைக் காலில் நின்று பந்து பிடித்தல்.
3. தொடையின் பின்புறத் தசைக்கும் இடுப்புக்கும் வயிற்றுக்கும் பலப் பயிற்சி.
4. சிறிய சிறிய அடிகளாக வைத்து வேகம் குறைத்துத் திரும்பப் பழகுதல்.

ஃபுட்டிக்கும் நெட்போலுக்கும் இதற்கென்றே தயாரித்த பயிற்சித் திட்டங்கள் உள்ளன. உங்கள் பிள்ளையின் கழகத்தில் அதைச் செய்கிறார்களா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மனமும் ஒரு நார்தான்

ஒரு வருடம் விளையாட முடியாத பதினேழு வயதுப் பிள்ளை இழப்பது ஆட்டத்தை மட்டுமல்ல. நண்பர்களையும், "நான் யார்" என்ற அடையாளத்தையும்தான். "நல்லதாய்ப் போச்சு, இனியாவது படி" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் முழங்காலைவிட அதிகம் நோகும். பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள். அணியின் ஆட்டங்களைப் பார்க்க விடுங்கள். பிள்ளை ஒதுங்கியே இருந்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

படிப்பையோ தொழிலையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடுவதும் நல்லது. எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரு கணத்தில் எல்லாம் மாறலாம். அலெக்ஸ் ஜோன்சன் திரும்பி வந்து ஆடியது இரண்டே ஆட்டங்கள். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களுக்காக அவர் காட்டிய பொறுமையை எங்கள் பிள்ளைகள் பார்க்கவேண்டும். அந்தப் பொறுமையில் பாதியாவது காயம் வருமுன் பயிற்சியிலும், வந்தபின் ஆறுவதிலும் காட்டினால் முழங்கால் நீண்ட காலம் கூட வரும்.

இங்கே எழுதியவை பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் பிள்ளைக்கு என்ன தேவை என்பதை உங்கள் வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.