மூச்சுக் கணக்கு

2020-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி இரவு, பிரதமர் டான்ஸ்ரீ முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, 18-ஆம் தேதி முதல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வரும் என்று அறிவித்துக்கொண்டிருந்த வேளையில், போர்ட் கிள்ளானின் ஒரு பொது மண்டபத்தில் எங்கள் கபடிச் சங்கத்துப் பையன்கள் பயிற்சியை முடித்துக்கொண்டு பாய்களைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த ஒருவன், "ரெண்டு வாரந்தானாம் மாஸ்டர், 31-ஆம் தேதி வரைக்கும்" என்றான். இரண்டு வாரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்ற அலட்சியத்தில், வியர்வையின் ஈரம் காயாத பாய்களை அப்படியே பின்னறையில் அடுக்கச் சொல்லிப் பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காரியதரிசி என்ற ஹோதாவில் நான் செய்த முதல் பிழை அதுவே.

கபடியின் இலக்கணத்தையும் அந்தக் கோவிட் வியாதியின் இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றை மனத்தில் கொண்டுதான் மற்றொன்றைப் படைத்தார்களோ என்று ஐயுறத் தோன்றும். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமான களத்தில், 30 வினாடிக்குள், ஒரே மூச்சில் நடுவர் காதில் விழும்படி பாடிக்கொண்டே எதிரியின் எல்லைக்குள் புகுந்து, தொட்டு, பிடிபட்டால் நான்கைந்து பேரின் கீழே நசுங்கி, அப்போதும் பாட்டை விடாமல் கோட்டை நோக்கிக் கையை நீட்டுகிற ஆட்டத்தை, ஒரு மீட்டர் தள்ளி நின்று ஆடுவது எவ்வாறு? பூப்பந்துக்காரர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் அரசாங்கம் ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டபோதெல்லாம், எங்கள் கதவு கடைசிக் கதவாகவே இருந்தது. அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. இந்தத் துறைமுகமே நோயின் மடியில் பிறந்த ஊர். 1901 செப்டம்பர் 15-ஆம் தேதி போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, இரண்டு மாதத்துக்குள் மலேரியாவினால் மூடிவிடலாமா என்ற யோசனைவரை போய், டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டிக் காடழித்த பிறகே பிழைத்தது. வடிகால் வெட்டும்வரை பொறுக்கத்தான் வேண்டும் என்று எங்கள் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது.

பொறுத்திருக்கையில் ஒரு சங்கம் எதைக் கொண்டு உயிர் வைத்திருக்கும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. முதல் மாதம் நான் வாட்ஸ்அப் குழுவை நம்பினேன். எண்பது பேர் அடங்கிய அந்தக் குழு, பயிற்சி நேரமும் ஜெர்சி அளவும் பேசிய காலத்தில் சாதுவாக இருந்தது. ஊர் அடங்கிய பிறகோ, வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கிருமி செத்துவிடும் என்ற வைத்தியமும், இன்ன தாமானில் இன்னார் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது என்ற வதந்தியும் இரவு பகலாகப் பெருக்கெடுத்து ஓடுகிற சாக்கடையாக ஆயிற்று. பெயர் அடிபட்ட ஓர் அங்கத்தினர் சொல்லிக்கொள்ளாமல் விலகிப் போனார். அன்றே குழுவை, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புப் பலகையாக மாற்றினோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அடுத்ததாக ஸூமில் தேகப் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கினோம். முதல் வாரம் முப்பது பேர், இரண்டாம் வாரம் பதினொருவர், நான்காம் வாரம் நானும் பயிற்சியாளரும். துறைமுகம் அத்தியாவசியச் சேவை ஆகையால், எங்கள் அங்கத்தினரில் லோரி ஓட்டுபவரும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும் முன்னிலும் அதிக நேரம் வேலை பார்த்தார்கள். மற்றவர்களோ வேலையே இல்லாமல், அடுக்ககத்தின் ஓர் அறையில் ஐந்தாறு பேரோடு முடங்கிக் கிடந்தார்கள். இந்த இரு சாராரையும் ஒரே நேரத்தில் ஒரே திரையின் முன்னால் குதிக்கச் சொன்ன என் புத்தியை என்னவென்று சொல்வது!

கடைசியில் காப்பாற்றியது பழைய பெயரேடு. சங்கத்தின் நீல அட்டை நோட்டில் 64 பெயர்கள் இருந்தன. நிர்வாகக் குழுவினர் ஐந்து பேரும் அவற்றைப் பங்கு பிரித்துக்கொண்டு, ஆளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வீதம், வாரத்துக்கு ஒரு தடவை, எழுத்தில் அல்ல, குரலில் பேசுவது என்று தீர்மானித்தோம். என்ன பேசுவது என்று இளைய நிர்வாகி ஒருவர் கேட்டார். சாப்பிட்டாச்சா என்று கேட்டாலே போதும், மீதி தானாக வரும் என்றேன். அதில் ஒரு சூட்சுமத்தையும் பிற்பாடு கற்றுக்கொண்டோம்: நண்பருக்கு நண்பரைப் பங்கிடக் கூடாது. நண்பனிடம் பையன் "எல்லாம் ஓகேடா" என்று முடித்துவிடுவான். சற்றே தூரத்து மனிதரிடம்தான் அரிசி தீர்ந்த சமாசாரம் வெளிவரும்.

பேச்சுக்கு ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகப் பயிற்சியாளர் கண்டுபிடித்ததுதான் மூச்சுக் கணக்கு. வீட்டில் உட்கார்ந்தபடியே, ஒரே மூச்சில் விடாமல் கபடி, கபடி என்று பாடி, எத்தனை வினாடி தாக்குப்பிடித்தது என்று அழைக்கிறவரிடம் சொல்ல வேண்டும். நாங்கள் பெயருக்கு எதிரே தேதியிட்டுக் குறித்துக்கொள்வோம். இடம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், பாயும் வேண்டாம். லோரிக்காரர் கேட்டில் வரிசையில் நிற்கும்போது பாடுவார். பக்கத்து லோரிக்காரர் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று பார்ப்பாராம். எட்டு வயதுப் பெண்குழந்தை ஒருத்தி 22 வினாடி பாடித் தன் அண்ணனைத் தோற்கடித்தாள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் 34 வினாடியில் நின்றான். மாதக்கணக்கில் அவனை யாரும் தாண்டவில்லை. ஆட்டமே இல்லாத சங்கத்தில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது என்றால் அது இதுதான்.

என் பங்கில் இருந்த ஒருவன் மட்டும் நான் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தபோது தாயார் எடுத்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வீட்டுல ஒரே போனு. மூணு பிள்ளைங்களுக்கும் மாத்தி மாத்திப் பாடம் நடக்குது. இவன் எஸ்பிஎம்னு சொல்லி அவன் கையில குடுத்தா, சின்னதுங்க அழுவுது" என்றார். அந்த ஆண்டின் எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வே 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது நினைவிருக்கலாம். அங்கத்தினர் வீடுகளின் மேசை டிராயர்களில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கைப்பேசிகளைத் திரட்டினோம், ஆறு தேறின. சங்கம் வாங்கிய கோப்பைகளில் எதுவும் அவற்றைப் போல் உபயோகப்பட்டதில்லை.

இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை உலகில் நாங்கள் மட்டுந்தான் செய்கிறோமோ என்று எண்ணியிருந்த எனக்கு, அயர்லாந்துக்காரர்களின் கதை ஆறுதலாக வந்து சேர்ந்தது. கோலாலம்பூரில் அவர்களுக்கு 'ஓராங் ஏரா' என்றொரு கேலிக் விளையாட்டுச் சங்கம் உண்டு. மனிதர் என்னும் மலாய்ச் சொல்லான ஓராங்கையும் தம் நாட்டின் பெயரையும் சேர்த்துக் கட்டிய அந்தப் பெயரின் குறும்பு எனக்கு நிரம்பப் பிடிக்கும். கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும் அவர்களுக்கு நமக்குக் கபடியும் சிலம்பமும் போல. 1884-இல் நிறுவிய தாய்ச்சங்கத்தின் கீழ், ஊருக்கு ஊர், சம்பளமில்லாத ஆட்டக்காரர்களைக் கொண்டே நடப்பவை. நோய் வந்த மார்ச்சில் அவர்களும் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். எண்பதாயிரத்துக்கு மேல் ஜனங்கள் கொள்ளும் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தைப் பரிசோதனை நிலையத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஊர்ச் சங்கத்து இளைஞர்கள் கிழவர்களின் வீட்டு வாசலில் மளிகையையும் மருந்தையும் வைத்துவிட்டு வந்தார்கள். டிசம்பர் 19-ஆம் தேதி டப்ளினும் மேயோவும் ஆடிய இறுதி ஆட்டம் காலி நாற்காலிகளின் முன்னால் நடந்தது. ஆட்டத்தைவிட அந்த மளிகைப் பைகளே என் மனத்தில் நின்றன.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தாவை நிறுத்துவதா என்று பொருளாளரும் நானும் ஒரு மாதம் சச்சரவிட்டோம். நான் வசூலிக்க வேண்டும் என்ற கட்சி, அவர் சொன்னதே நியாயம். சந்தாவை ரத்து செய்த பிறகு, வேலையில் இருந்தவர்கள் கேளாமலே கொடுத்த தொகை, சந்தாவாக வந்திருக்கக் கூடியதைவிடக் குறைவுதான். ஆனால் மனஸ்தாபம் இல்லாத பணம். ஏப்ரலில் நடத்த உத்தேசித்திருந்த போட்டிக்குக் கூடாரத்துக்கும் ஜெர்சிக்கும் கொடுத்த முன்பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை. கூடாரக்காரர் நல்லவராக இருந்ததால், இரண்டு வருஷம் கழித்தும் கணக்கில் கழித்துக்கொண்டார். ஜெர்சிக்காரர் அப்படியில்லை. ரத்தானால் என்ன என்பதை எழுதி வாங்காமல் இப்போது நான் பத்து ரிங்கிட்கூடக் கொடுப்பதில்லை.

2020 ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்து, பிறகு உடல் தொட்டாடும் ஆட்டங்களுக்கும் அனுமதி வந்தபோது, அறையைத் திறந்தோம். பாய்கள் என்ற பெயரில் கரும்புள்ளி விழுந்த நீலக் கட்டிகள் இருந்தன. கதவைத் திறந்ததும் புளித்த ரொட்டியின் வாடை முகத்தில் அடித்தது. குளோரோக்ஸை நீரில் நன்றாகக் கலக்கித் துண்டு துண்டாகத் துடைத்தோம். அவசரத்தில் முதல் இருபது பாய்களை வெயிலில் போட்டது அடுத்த பிழை. அந்த நுரைப்பாய் சூட்டில் சுருங்கி, ஒன்றோடொன்று கோக்கும் பற்கள் பொருந்தாமல் போகும். நிழலில், காற்றில், சுவரில் சாய்த்து வைத்துத்தான் உலர்த்த வேண்டும். அதற்குப் பின் ஆணை எதுவாயினும், அனுமதி உள்ள நாட்களில் மாதம் ஒருமுறை, இரண்டு பேர் போய்ப் பாய்களைப் புரட்டிப் போட்டு வந்தோம். அந்த எஸ்பிஎம் பையன் எனக்குத் துணையாக வருவான்.

பாயைவிட உடம்பு மோசமாகத் துருப்பிடித்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. திறந்த முதல் வாரமே முழு ஆட்டம் ஆடவிட்டோம். ஒருவனுக்குத் தொடைத் தசை கிழிந்தது, மற்றொருவனுக்குத் தோள் விலகியது. அக்டோபர் 9-ஆம் தேதி கிள்ளான் மாவட்டத்துக்கு மறுபடியும் நிபந்தனைகள் வந்தபோது, அவர்கள் இருவரும் காயத்தோடு வீட்டில் இருந்தார்கள்.

2021 எங்களுக்கு வேறு விதமான வருஷம். விதி மீறினால் விதிக்கும் அபராதத்தின் உச்சம் ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் ரிங்கிட்டாக உயர்ந்தது. ஜூன் முதல் தேதி நாடு முழுவதும் அடைபட்டது. அம்மாத இறுதியில் பசித்த வீடுகளின் வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றச் சொல்லும் இயக்கம் பிறந்தது. எங்கள் அங்கத்தினர் யாரும் கொடி கட்டவில்லை; கட்டமாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் பெயரேடு பேசியது. பொட்டலம் கட்டி ஊர் சுற்றுவது சட்டப்படியும் ஆகாது, விவேகமும் ஆகாது என்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் அருகிலுள்ள மளிகைக் கடைக்காரரிடம் பணத்தைச் செலுத்தி, அரிசி, எண்ணெய், முட்டை, சார்டின், மைலோ என்று ஜாபிதா கொடுத்துவிடுவோம். அவர் வழக்கமான சாமானோடு சாமானாகக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். படம் எடுப்பதில்லை என்பதைத் தீர்மானமாகவே எழுதி வைத்தோம். படம் இல்லாமல் நன்கொடை கொடுக்க மாட்டேன் என்றார் ஒரு பிரமுகர். வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்த ஜூலையில், இருபது வருஷமாகக் களத்துக்குக் கோடு போட்டு, பையன்களுக்குத் தேத்தண்ணீர் கலந்து கொடுத்த பெரியவரை இழந்தோம். பெயரேட்டில் அவர் பெயர் இல்லை. அங்கத்தினராகச் சேரும்படி அவரை யாரும் கேட்டதே இல்லை. ஆகவே எங்கள் ஐவரில் ஒருவரும் அவரை வாராவாரம் அழைத்திருக்கவில்லை.

அதே மாதத்தில் 34 வினாடிக்காரனுக்கும் நோய் கண்டது. தேறி எழுந்த மூன்றாம் வாரம், பழக்கதோஷத்தால் பாடிப் பார்த்து, "12 தான் மாஸ்டர்" என்றான். இனி டாக்டர் சொல்லும்வரை பாடவே வேண்டாம் என்று கண்டித்தேன். ஆனால் அவன் சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டேன். அக்டோபர் 18-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கு கட்டுப்பாட்டுத் தளர்வின் நான்காம் கட்டத்துக்கு நகர்ந்த பின், இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதல் மூன்று வாரம் எதிராளி இல்லாமல் கால்வேலை மட்டும்; அடுத்து இருவர் இருவராக, எப்போதும் அதே ஜோடி; பிறகு பிடி; ஜனவரியில்தான் ஏழுக்கு ஏழு. நோய் கண்டு தேறியவர்களுக்கு டாக்டரின் சீட்டு இல்லாமல் களம் கிடையாது. முப்பத்துநான்கு வினாடிக்காரன் சீட்டோடு வந்தபோது 19-இல் இருந்தான். அந்தப் பத்தொன்பதைக் கொண்டே, பாதிக் களம்வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும் குறுநடைப் பாட்டு ஒன்றை உண்டாக்கிக்கொண்டான். இப்போது மற்றவர்களும் அதைப் பழகுகிறார்கள்.

முதல் முழு ஆட்டத்துக்கு முந்திய இரவு பாய்களை விரித்தபோது, 130 இருக்க வேண்டிய இடத்தில் 127-தான் தேறின. எலியும் பூஞ்சையும் தின்றிருந்தால் மிச்சமாவது கிடக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு காரியமாக அந்த எஸ்பிஎம் பையனின் வீட்டுக்குப் போக நேர்ந்தது. சுவரோரத்தில், வரிசையாக, மூன்று நீலத் துண்டுகள்; அதில் இரண்டின் மீது தம்பியும் தங்கையும் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த பழைய கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிமிட்டித் தரையின் குளிர் எனக்குத் தெரியும். பையனின் முகம் வெளுத்தது. நான் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைப் பேசிவிட்டுக் கிளம்பினேன்.

சங்கக் கணக்கில் பாய் மூன்று என்று எழுதிப் புதிதாக வாங்கினோம். கடையில் நீலம் இல்லை, சிவப்புத்தான் கிடைத்தது. பண்டமாறானிலிருந்து ஆட வந்த குழுவின் பயிற்சியாளர், மூலையில் மட்டும் ஏன் மாஸ்டர் வேறு நிறம் என்று கேட்டார். பழையது தேய்ந்துவிட்டது என்றேன்.