வாசிப்பது அம்மா, காசு கட்டுவது மகன்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்க் கடை வாசலில் இலவசப் பத்திரிகைகள் அடுக்கியிருப்பது பல வருடப் பழக்கம். வீடு விற்பனை முகவர்களும் மோர்ட்கேஜ்காரர்களும் காப்புறுதிக்காரர்களும் விளம்பரம் கொடுக்கிறார்கள். மரக்கறி வாங்க வந்தவர் ஒன்றை உருவிக்கொண்டு போகிறார். அப்படிச் சும்மா எடுத்து வாசித்துப் பழகியவரிடம்தான், வோபர்னில் ஒரு அடுக்குமாடியில் இருந்துகொண்டு கட்டண வலைப்பதிவு தொடங்கும் நீங்கள் மாதம் 5 டாலர் கேட்கப் போகிறீர்கள்.

இதே ஆட்கள் கஞ்சர்கள் இல்லை. அரங்கேற்றத்துக்கு அள்ளிக் கொடுப்பார்கள். புத்தக வெளியீட்டில் மேடைக்குப் போய், கவரைக் கொடுத்துச் சிறப்புப் பிரதி வாங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். தெரிந்த முகம், கண்முன் நடக்கும் நிகழ்ச்சி, நாலுபேர் பார்க்கும் இடம் என்றால் காசு தானாக வரும். இணையத்தில் இந்த மூன்றும் கிடையாது. அவற்றுக்கு ஈடாக எதைக் கொடுப்பது என்று முதலில் யோசியுங்கள். வடிவமைப்பும் இலச்சினையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இங்கே தமிழை ஓடவிட்டு வாசிக்கக்கூடியவர்களில் பெரும்பகுதி ஐம்பது, அறுபது தாண்டியவர்கள். அவர்கள் இணையத்தில் கிரெடிட் கார்ட் எண்ணைப் போடவே பயப்படுவார்கள். மின்னஞ்சல் முகவரியே பிள்ளை திறந்து கொடுத்ததாக இருக்கும், கடவுச்சொல் பேரனிடம் இருக்கும். பிள்ளைகளிடம் கார்ட் உண்டு; தமிழ் விளங்கும், பேசுவார்கள், ஆனால் நாலு பந்தி வாசிக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். புதிதாக எழுத வருகிறவர்களில் பலர் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே ஆளாக நினைத்துத் திட்டம் போடுகிறார்கள். ஆகவே சந்தாவைப் பரிசாக வாங்கிக் கொடுக்கும் வசதி உள்ள தளத்தை எடுங்கள். "அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு வருடச் சந்தா" என்று மகனிடம் கேளுங்கள். ஒவ்வொரு பதிவையும் உங்கள் குரலிலேயே வாசித்து ஒலிப்பதிவாகவும் இணையுங்கள். எல்ஸ்மியர் வழியே பஸ்ஸில் போகும் மகள் கேட்பாள், வீட்டில் தாய் வாசிப்பார். இரண்டு பேரும் இரவு அதைப் பற்றிக் கதைத்தால் அடுத்த வருடமும் சந்தா நிற்கும்.

தளம் எது? 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக்கைத்தான் நான் சொல்வேன். காரணம் ஒன்றே: வாசகரின் மின்னஞ்சல் பட்டியல் உங்களுடையது, நாளை வேறு இடத்துக்குப் போவதென்றால் அதைக் கோப்பாக இறக்கி எடுத்துக்கொண்டு போகலாம். மீடியத்தின் கதை வேறு. அங்கே வருமானம் கட்டணம் கட்டிய உறுப்பினர்கள் வாசிப்பதைப் பொறுத்தது, அந்த உறுப்பினர்களில் தமிழ் வாசிப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபியில் தயாராக ஒரு கூட்டம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கூட்டம். வாட்பேட் நம்ம ரொறன்ரோவிலேயே 2006இல் பிறந்தது. ஆங்கிலத்தில் இளையோருக்கு எழுதுவதென்றால் அங்கே போகலாம்.

என்ன எழுதுவது? உலக அரசியலை விட்டுவிடுங்கள், அதற்கு யூடியூபில் வரிசையாக ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவை எழுதுங்கள். 2023 ஜூலை 24 இரவு ஸ்காபரோ ஆர்டி ரயிலின் கடைசிப் பெட்டி தடம்புரண்டது. அந்தத் தடம் பிறகு திறக்கவே இல்லை. கென்னடி நிலையத்துக்குப் பஸ்ஸில் போய்ச் சப்வே பிடிக்கும் ஒருவரின் காலை எப்படி மாறியது என்று நாலு பேரிடம் கேட்டுத் தமிழில் எழுதினால், அது வேறெங்கும் கிடைக்காது. ஸ்காபரோ பொது மருத்துவமனைக்கு ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது கையில் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்? பேஸ்மென்ட் வாடகைக்கு எடுக்குமுன் எதையெல்லாம் கேட்க வேண்டும்? பழைய கதைகளும் எடுபடும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். அந்தக் காலத்தில் வந்திறங்கியவர்கள் இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். கதைக்க நேரமும் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

முதல் நூறு வாசகர்களை ஒவ்வொருவராகக் கையால்தான் பிடிக்க வேண்டும். சீடர்பிரே நூலகம், புத்தக வெளியீடு, கோயில் மண்டபம் என்று எங்கே போனாலும் ஒரு கிளிப்பலகையும் பேனாவும் கொண்டு போங்கள். தாளின் மேலே உங்கள் பெயர், தொடர்பு முகவரி, வாரம் ஒரு கட்டுரை வரும் என்ற தகவல், வேண்டாமென்றால் எப்போதும் நிறுத்தலாம் என்ற வரி; கீழே அவர்களே எழுதும் மின்னஞ்சலும் கையெழுத்தும். இது வெறும் மரியாதைக்கு இல்லை. 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் கனடாவின் எரிதத் தடுப்புச் சட்டம், வணிக நோக்குள்ள மின்னஞ்சலுக்கு ஒப்புதல் கேட்கிறது. நிறுத்தச் சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். தனிநபருக்கு அபராதம் 10 லட்சம் டாலர் வரை போகலாம். பழைய மாணவர் சங்கத்துப் பட்டியல் கையில் இருக்கிறதே என்று ஐந்நூறு முகவரியையும் அப்படியே ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சட்டம் ஒருபுறம், கேட்காமல் வந்த கடிதத்தை நாலு பேர் எரிதம் என்று அழுத்தினால் மற்றவர்களுக்குப் போவதும் குப்பைக்குள் விழத் தொடங்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிபரப்புப் பட்டியலுக்கு 256 பேர்தான், அவர்களும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே போய்ச் சேரும். ஆகவே தாளை நிரப்பிய கையோடு எண்ணையும் சேமிக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கை நம்பி இறங்காதீர்கள். இணையச் செய்திச் சட்டம் நிறைவேறிய பின் 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா கனடாவில் செய்தி இணைப்புகளை மறைக்கத் தொடங்கியது. உங்கள் பக்கத்தைச் செய்தித் தளம் என்று அது எடுத்துக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்கள். நம் சொற்கள் நீளமானவை. கைப்பேசியில் மின்னஞ்சல் தலைப்பின் முதல் நாலைந்து சொற்கள்தான் தெரியும். "ஸ்காபரோ வாழ் தமிழ் மக்களின் போக்குவரத்துப் பிரச்சினைகள் குறித்து" என்று தொடங்கினால் விஷயம் வருமுன் திரை முடிந்துவிடும். "ரயில் நின்றது, இனி?" போதும். அடுத்தது இணைப்பு முகவரி. தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால், ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்துக் குப்பையாக விரிந்து அரைப் பக்கம் ஓடும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து தொடாமல் விடுகிறவர்கள் உண்டு. வெளியிடுமுன் முகவரியை நாலு ஆங்கில எழுத்துக்குச் சுருக்குங்கள்.

கிழமை தவறாதீர்கள். எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாளில் தொடங்கி 2020 ஜூலை வரை 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களையும் தன் தளத்தில் நாள்தோறும் இலவசமாக வெளியிட்டார். இலவசமாக வாசிக்கக் கிடைத்தும் அச்சுப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த வேகம் நமக்கு வராது. வாரம் ஒன்று, ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால் போதும்.

காசு வாங்கும் பொத்தானை எப்போது திறப்பது? முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடும் வரை திறக்காதீர்கள். மச்சானும் சித்தியும் முதல் வாரமே கட்டுவார்கள், அடுத்த வருடம் மறந்துவிடுவார்கள். அதை நம்பி வேலையை விட்டால் அவ்வளவுதான். திறந்தவுடன் புதிதாகப் பதிகிறவர் முகத்தில் விலைப்பட்டியல் வந்து நிற்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 5 டாலரில் சப்ஸ்டாக் 10 விழுக்காட்டை எடுக்கும். கார்ட் கட்டணம் 2.9 விழுக்காடும் 30 சதமும், அதற்கு மேல் தொடர்கட்டணத்துக்கென்று சில சதம். கையில் வருவது 4 டாலர் அளவு. வருடத்துக்கு 50 டாலராக வாங்கினால் அந்த 30 சதம் ஒரே ஒருமுறைதான் போகும், கையில் ஏறக்குறைய 43 நிற்கும். மாதம் மாதம் வாங்கினால் வருட முடிவில் 48 வர வேண்டும். ஆனால் பன்னிரண்டு முறை நிறுத்தலாமா என்று யோசிக்க வாய்ப்புக் கொடுக்கிறீர்கள், இடையில் கார்ட்டும் காலாவதியாகும். எனக்கு வருடச் சந்தாதான் சரியென்று படுகிறது. இலவச வாசகர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினர் கட்டுவார்கள் என்பது சப்ஸ்டாக் சொல்லும் கணக்கு. தமிழுக்குக் கீழ் எண்ணையே எடுத்தால் ஐந்நூறு வாசகரில் 25 பேர், வருடத்துக்கு 1,075 டாலர். ஒரு மாத பேஸ்மென்ட் வாடகைக்கே காணாது.

ஆனாலும் அது வருமானம். சுயதொழில் வருமானமாக ரி2125 படிவத்தில் காட்ட வேண்டும். தாக்கல் செய்ய ஜூன் 15 வரை நேரம் உண்டு, கட்ட வேண்டிய வரியை ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும். பலர் இந்த இரண்டு தேதியையும் ஒன்றாக்கிக்கொண்டு வட்டி கட்டுகிறார்கள். தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டாலரைத் தாண்டினால்தான் எச்எஸ்டிக்குப் பதிய வேண்டிய கட்டாயம். ஒலிவாங்கி, இணையக் கட்டணத்தில் ஒரு பகுதி, கிளிப்பலகை எல்லாவற்றுக்கும் ரசீதை எடுத்து வையுங்கள், செலவாகக் கழிக்கலாம்.