வீட்டினுள் ஏரியல்: எங்கே பயன்படும்?

கோட்டுச்சேரிமேட்டில் மீனவ அன்பர் ஒருவர் அட்டை போன்ற மெல்லிய ஏரியல் ஒன்றை என்னிடம் காட்டி, சுவரில் எப்பக்கம் மாட்டினாலும் படம் வரவில்லை என்று முறையிட்டார். மாதக் கட்டணமின்றி டிஜிட்டல் தொலைக்காட்சி தெரியும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். குறை சுவரிலும் இல்லை, அவரிடத்திலும் இல்லை. பிடிப்பதற்கு அங்கே அலையே இல்லை.

தரைவழித் தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. பூமி உருண்டையாதலின், 150 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, மாடியில் 9 மீட்டர் உயரத்திலுள்ள ஏரியலுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வரையே நேராக எட்டும். தூர்தர்ஷன் 2016ஆம் ஆண்டில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை 16 நகரங்களில் தொடங்கிற்று. அவற்றுள் நமக்கு அண்மையிலுள்ள சென்னையே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பழைய அனலாக் நிலையங்களும் 2022ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன.

இலங்கை ரூபவாஹினி 1980களில் இக்கரையில் தெரிந்ததே என்று முதியோர் கேட்பர். உண்மைதான். குளிர்ந்த கடற்காற்றின்மேல் வெப்பக் காற்று படியும் நாட்களில் அலை வளைந்து நெடுந்தூரம் வரும். மறுநாள் வராமலும் போகும். அன்றைய படம், அலை நலிந்தால் புள்ளி புள்ளியாகவேனும் தெரிந்தது. டிஜிட்டல் படமோ ஓர் அளவுக்குக் கீழே உடைந்து, பின் அறவே மறைந்துவிடும். ஆகவே அலை எட்டும் நகரத்திலுங்கூட, ஏரியலைக் கோபுரத் திசைச் சன்னலருகே, இரும்புக் கம்பிகளுக்கு விலகி உயரத்தில் வைத்து, ஒரு சாண் நகர்த்துந்தோறும் அலைவரிசைகளைப் புதிதாகத் தேடச் செய்தல் வேண்டும்.

நமக்கு ஏற்றது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவிட்டால் மாதக் கட்டணம் இல்லை. அதன் செயற்கைக்கோள் இங்கிருந்து தென்கிழக்கில், வானில் சுமார் 70 பாகை உயரத்தில் நிற்கிறது. அத்திசையைத் தென்னங்கீற்று மறைத்தலாகாது. உப்புக்காற்றில் ஆணிகள் விரைவில் துருப்பிடிக்கும். துருவேறா எஃகு ஆணிகளே போடுக.

ஆயினும் புயல் இரவில் மின்சாரம் நின்றால் தட்டும் உதவாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்ததை நாம் மறக்கவில்லை. வீட்டு ஏரியலுக்கு இங்கே உண்மையான வேலை அப்போதுதான். காரைக்கால் வானொலியின் பண்பலை 100.3 மெகாஹெர்ட்ஸில் அண்மையிலேயே கிடைக்கிறது. தகரக் கூரையும் கான்கிரீட்டும் அலையைத் தடுக்குமாதலின், பெட்டியின் கம்பியை முழுதும் நீட்டிச் சன்னலருகே வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊர்ப் பொதுக் கட்டடத்தில் பேட்டரி வானொலி ஒன்றேனும் இருக்க ஊராட்சியார் ஏற்பாடு செய்யலாம். பேட்டரிகளை உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து பெட்டியைக் கெடுக்கும். தனியே எடுத்து வைக்க.